மீதி 220 தடவை: போக்கரில் அடித்து ஆடக் கற்பது எப்படி?

பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் புத்தகம் எதைத் திறந்தாலும் இந்தக் கேள்வி கண்ணில் படும். 52 சீட்டு உள்ள ஒரு கட்டிலிருந்து 2 சீட்டு எடுக்கிறோம். இரண்டுமே ஏஸாக இருக்க நிகழ்தகவு என்ன?

பேனாவைத் தொடாமலே 1/221-னு சொல்லிடுவீங்க. சரியான விடைதான். போக்கர் மேஜையில் அந்த ஒரு தடவை வந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேள்வி வேற. மீதி 220 தடவை என்ன செய்வீங்க? இதுக்கு ஆப்டிட்யூட் புத்தகத்தில் விடை கிடையாது. இந்தக் கட்டுரை அந்த 220 தடவையைப் பற்றியது.

புதுசா ஆட வர்றவங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆடுவாங்க. நல்ல சீட்டு வரட்டும்னு காத்திருப்பாங்க. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாதே? அதனால யாராவது பந்தயம் கட்டினால், "சரி, நானும் போடுறேன், என்ன வருதுன்னு பார்ப்போம்" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே போட்டுக்கொண்டு வருவாங்க. கிரிக்கெட் பாஷையில் சொன்னால் இது கட்டை போடுறது. அவுட் ஆகாத மாதிரி தெரியும், ஆனா ஸ்கோர் போர்டு நகராது. போக்கரில் இன்னும் மோசம், ஸ்கோர் பின்னாடி போகும். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

முதலில் ஆட்டம், இரண்டே நிமிஷத்தில்

விதி தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு: உலகத்தில் அதிகம் ஆடப்படும் போக்கர் வகைக்கு டெக்ஸாஸ் ஹோல்டெம் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் கவிழ்த்தபடி 2 சீட்டு. மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு. அந்த ஐந்தும் ஒரேயடியாக வராது. முதலில் 3 சீட்டு திறப்பார்கள், அது ஃப்ளாப். அடுத்து ஒன்று, அது டர்ன். கடைசியாக ஒன்று, அது ரிவர். கையில் உள்ள 2, நடுவில் உள்ள 5, ஆக 7 சீட்டில் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஃப்ளாப்புக்கு முன் ஒரு சுற்று, பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுற்று என்று மொத்தம் 4 சுற்றுப் பந்தயம். நடுவில் சேரும் குவியலுக்கு பாட் என்று பெயர். சீட்டு போடுபவருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு சின்னத் தொகை, ஒரு பெரிய தொகை போட்டாக வேண்டும். இவை பிளைண்டுகள். இது இல்லையென்றால் எல்லோரும் ஏஸ் ஜோடி வரும்வரை தூங்கிக்கொண்டே இருப்பார்கள்.

உங்கள் முறை வரும்போது யாரும் இன்னும் பந்தயம் கட்டவில்லை என்றால் செக் சொல்லி விட்டுவிடலாம், அல்லது நீங்களே பெட் கட்டலாம். ஏற்கெனவே ஒருத்தர் கட்டியிருந்தால் மூன்று வழி: சீட்டைக் கவிழ்த்து விலகும் ஃபோல்ட், அதே தொகையைப் போடும் கால், அதைவிடக் கூட்டிப் போடும் ரெய்ஸ்.

செக்கும் காலும் கட்டை போடுற ஷாட்டுகள். பெட்டும் ரெய்ஸும் அடிச்சு ஆடுற ஷாட்டுகள். 'அக்ரெசிவ்' என்ற சொல்லுக்குப் போக்கரில் இவ்வளவுதான் அர்த்தம். குரலை உயர்த்துறதோ, மேஜையைத் தட்டுறதோ, எதிராளியை முறைக்கிறதோ இதில் சேராது.

ஜெயிக்க இரண்டு வழி இருக்கு

மங்காத்தாவில் சீட்டு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதோடு கதை முடிந்தது. ரம்மியில் சேர்த்தால்தான் ஜெயிக்க முடியும். போக்கரில் மட்டும் ஒரு விசேஷம். கடைசிவரை இருந்து நல்ல சீட்டைக் காட்டி ஜெயிக்கலாம், இது ஒரு வழி. மற்ற எல்லோரும் விலகிவிட்டால், உங்க கையில் என்ன இருந்தாலும் பாட் உங்களுக்கே. சீட்டைக் காட்டக்கூட வேண்டாம். இது இரண்டாவது வழி.

'கால்' மட்டுமே சொல்பவருக்கு முதல் வழி மட்டும்தான் திறந்திருக்கிறது. பெட் கட்டுபவருக்கு இரண்டும் திறந்திருக்கின்றன. அடிச்சு ஆடுறதின் லாபம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருது.

எண்ணில் பார்க்கலாம். பாட்டில் 100 சிப்ஸ். உங்க கையில் ஒன்றுமே இல்லை, சுத்தப் பொய்யாக 50 கட்டுறீங்க. எதிராளி விலகினால் 100 லாபம், விலகாவிட்டால் 50 நஷ்டம். நஷ்டமில்லாமல் தப்பிக்க அவர் எத்தனை தடவைக்கு ஒரு தடவை விலகணும்? கட்டிய தொகையை, பாட்டும் கட்டிய தொகையும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுங்க. 50-ஐ 150-ஆல் வகுத்தால் மூன்றில் ஒன்று. பாட் அளவுக்கே 100 கட்டினால் 100-ஐ 200-ஆல் வகுக்கணும், அதாவது பாதித் தடவை விலகணும். பொய் பெரிசாக ஆக, அது அடிக்கடி வேலை செய்தாகணும். இந்த ஒரு சூத்திரம் மனசில் இருந்தால், "துணிஞ்சு அடிச்சேன்" என்பதற்கும் "கணக்குப் போட்டு அடிச்சேன்" என்பதற்கும் உள்ள தூரம் புரியும்.

ஒரே சீட்டு, ஒரே 60, இரண்டு விடை

இப்போது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான கணக்கு. நிதானமாகப் படிங்க.

டர்ன் முடிந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் வர வேண்டும். உங்க கையையும் நடுவையும் சேர்த்து 4 ஸ்பேட் இருக்கு. இன்னொரு ஸ்பேட் வந்தால் ஃப்ளஷ், ஜெயிச்சிடுவீங்க. வராவிட்டால் கையில் ஒன்றுமில்லை. நீங்க பார்க்காத சீட்டு 46. அதில் ஸ்பேட் 9. ஆக, சுமார் 20%. பாட்டில் 100 இருக்கு.

முதல் நிலைமை: எதிராளி 60 கட்டுறார், நீங்க கால் பண்றீங்க. 20% தடவை 160 கிடைக்கும், 80% தடவை 60 போகும். சராசரி: 32 கழித்தல் 48. அதாவது ஒவ்வொரு முறையும் 16 சிப்ஸ் நஷ்டம்.

இரண்டாம் நிலைமை: அதே சீட்டு, அதே 100. ஆனா இந்தத் தடவை 60 கட்டுறது நீங்க. எதிராளி 40% தடவை விலகுவார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதெல்லாம் 100 உடனே உங்களுக்கு, சராசரியில் அது 40. மீதி 60% தடவை அவர் கால் பண்ணுவார். அங்கே பழைய கணக்குதான், 16 நஷ்டம். அதில் 60% என்றால் 9.6. மொத்தம் 40 கழித்தல் 9.6, ஆக 30.4 லாபம்.

உங்க அதிர்ஷ்டம் மாறவில்லை, போட்ட தொகையும் மாறவில்லை. யார் முதலில் கட்டியது என்பது மட்டும் மாறியது. விடை −16-இலிருந்து +30-க்குப் போய்விட்டது.

"எதிராளி கட்டவே இல்லை, நானும் செக் சொல்லி இலவசமா அடுத்த சீட்டைப் பார்த்தால்?" என்று கேட்பீங்க. நல்ல கேள்வி. அப்போது 100-இல் 20%, அதாவது சராசரி 20. அதைவிட பெட் கட்டுறது மேல் என்றால் எதிராளி சுமார் 31% தடவையாவது விலகணும். அதைவிடக் குறைவாக விலகுபவரிடம் செக்தான் சரி. ஒருபோதும் விலகாதவரிடம் கட்டினால் அதே பழைய 16 நஷ்டம்தான். இந்தக் கடைசி வரியை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னால் வேண்டியிருக்கும்.

இப்படி, இப்போதைக்குப் பின்தங்கியிருந்தாலும் முன்னேற வாய்ப்புள்ள கையை வைத்துக் கட்டுவதற்கு செமி பிளஃப் என்று பெயர். பாதிப் பொய் என்று சொல்லலாம். டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற அமெரிக்க ஆட்டக்காரர் தன் புத்தகங்களில் இதை விளக்கி எழுதினார். அடிச்சு ஆடக் கத்துக்கிறவங்க முழுப் பொய்யிலிருந்து தொடங்காம, இந்தப் பாதிப் பொய்யிலிருந்து தொடங்குறது நல்லது. மாட்டிக்கொண்டாலும் தப்பிக்க ஒரு கதவு திறந்தே இருக்கும்.

2003: ஒரு கணக்காளரின் பொய்

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 2003-ஆம் ஆண்டு, லாஸ் வேகாஸ், போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டி. 839 பேர் கலந்துகொண்டார்கள். நுழைவுத் தொகை 10,000 டாலர். டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், ஆன்லைனில் 86 டாலர் தகுதிப் போட்டி ஒன்றில் ஜெயித்து அந்த இடத்தைப் பிடித்திருந்தார். ஆமாம், நிஜமாகவே அவர் குடும்பப் பெயர் அதுதான்!

கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர், அவரும் அனுபவசாலியான சாம் ஃபர்ஹாவும். மணிமேக்கர் கையில் ஸ்பேட் கிங், ஹார்ட் 7. ஃபர்ஹா கையில் ஸ்பேட் குயின், ஹார்ட் 9. ஃப்ளாப்பில் ஸ்பேட் 9, டைமண்ட் 2, ஸ்பேட் 6. டர்னில் ஸ்பேட் 8. இந்த இடத்தில் ஃபர்ஹாவுக்கு 9 ஜோடி இருக்கு, அவர்தான் முன்னால். மணிமேக்கருக்கு ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் இன்னொரு ஸ்பேட் வந்தால் ஃப்ளஷ், 5 அல்லது 10 வந்தால் வரிசை. அவர் பார்வையில் 46-இல் 15 சீட்டு உதவும், கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. ஃபர்ஹா கட்டினார். மணிமேக்கர் கால் பண்ணவில்லை, ரெய்ஸ் பண்ணினார். அதுதான் பாதிப் பொய்.

ரிவரில் ஹார்ட் 3 விழுந்தது. எதற்கும் உதவாத சீட்டு. பாதிப் பொய் இப்போது முழுப் பொய்யாகிவிட்டது. ஃபர்ஹா செக் சொன்னார். மணிமேக்கர் தன்னிடம் இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹா நீண்ட நேரம் யோசித்து, ஜெயிக்கிற சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

ஏன் கவிழ்த்தார்? நடுவில் 3 ஸ்பேட் கிடக்குது. எதிராளி டர்னிலேயே ரெய்ஸ் பண்ணியிருக்கார். ஃப்ளஷ் அப்பவே சேர்ந்துவிட்டது என்ற கதையோடு டர்ன் ரெய்ஸும் பொருந்துது, ரிவரில் முழுசா தள்ளினதும் பொருந்துது. நல்ல பிளஃப் என்றால் இதுதான். முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே கதையைச் சொல்லணும். மூன்று சுற்று சும்மா கால் பண்ணிவிட்டு நாலாவது சுற்றில் திடீரென்று மலை மாதிரி தள்ளினால், அந்தக் கதையை யாரும் நம்பமாட்டாங்க. மணிமேக்கர் அந்தப் போட்டியில் பட்டம் வென்று 25 லட்சம் டாலர் வாங்கினார்.

அடிக்கிறதுக்கு முன்னாடி பந்தைப் பொறுக்கணும்

இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். அடிச்சு ஆடணும் என்றால் எல்லாக் கையிலும் ஆடணும்னு அர்த்தம் இல்லை. இரண்டும் தனித்தனி அளவுகோல். எத்தனை கையில் நுழைகிறீர்கள் என்பது ஒன்று, நுழைந்த பிறகு எப்படி ஆடுகிறீர்கள் என்பது இன்னொன்று. குறைவாக நுழைந்து, நுழைந்தால் அடிப்பது என்பதுதான் கற்றுக்கொள்பவருக்குப் பாதுகாப்பான இடம். நிறைய நுழைந்து, கால் மட்டும் பண்ணுவது அதற்கு நேர் எதிர் மூலை. நஷ்டம் அங்கேதான் குடியிருக்கும்.

தொடங்குவதற்கு ஒரு பட்டியல் தர்றேன். எல்லா ஜோடிகளும். ஏஸோடு 10 அல்லது அதற்கு மேல். கிங்–குயின், கிங்–ஜாக், குயின்–ஜாக். ஒரே இனத்தில் ஏஸோடு எந்தச் சின்னச் சீட்டும். ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் ஜாக்–10, 10–9, 9–8, 8–7. இரண்டு சீட்டுகள் மொத்தம் 1,326 விதமாக அமையலாம். இந்தப் பட்டியலில் வருவது 238, அதாவது சுமார் 18%. ஆறு கையில் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மீதியைக் கவிழ்த்துவிட்டு மற்றவர்கள் ஆடுவதைக் கவனிங்க. அதுவும் ஆட்டத்தில் ஒரு வேலைதான்.

நுழைந்தால் ரெய்ஸோடு நுழைங்க, பெரிய பிளைண்டைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு. ஏஸ் ஜோடிக்கும் 8–7-க்கும் ஒரே அளவு. நல்ல கைக்குப் பெரிசாகவும் சுமாரான கைக்குச் சின்னதாகவும் கட்டினால், நாலு கை போவதற்குள் எல்லோருக்கும் உங்க ரகசியம் தெரிந்துவிடும்.

அடுத்து, எங்கே உட்கார்ந்திருக்கீங்க என்பது. கடைசியாக முறை வருபவருக்கு மற்ற எல்லோரும் என்ன செய்தார்கள் என்று தெரிந்துவிடுகிறது. முதலில் பேசுபவர் இருட்டில் பேசுகிறார். அதனால் முதலில் பேசும் இடத்தில் பட்டியலைச் சுருக்கிக்கோங்க, கடைசி இடத்தில் கொஞ்சம் நீட்டிக்கோங்க.

ஃப்ளாப் வந்த பிறகு

ஜோடியாக இல்லாத இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது சேரும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒன்றுதான். மூன்றில் இரண்டு தடவை அவருக்கு அங்கே ஜோடி இருக்காது. இது உங்களுக்கும் பொருந்தும், எதிராளிக்கும் பொருந்தும். இரண்டு பேருக்குமே ஒன்றும் இல்லாத அந்தப் பாட் யாருக்குப் போகும்? முதலில் கை நீட்டுபவருக்கு. அதனால்தான் ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் பண்ணினவர் ஃப்ளாப்பிலும் தொடர்ந்து கட்டுவது வழக்கம். பாட்டில் பாதி கட்டினால் மூன்றில் ஒரு தடவை விலகினால் போதும் என்று மேலே பார்த்தோமே, அதை இதோடு சேர்த்துப் பாருங்க.

ஆனால் எதிரில் ஒருத்தர் இருக்கும்போது மட்டும்தான் இது சுலபம். இரண்டு பேர் இருந்தால் இருவருக்குமே ஒன்றும் சேராத வாய்ப்பு பாதிக்கும் கீழே, சுமார் 46%. மூன்று பேர் என்றால் 31%. கூட்டத்துக்கு எதிரே பொய் சொல்லாதீங்க.

எந்தக் கையை வைத்து அடிப்பது என்பதில் ஒரு பழைய கணித முடிவு கைகொடுக்கும். ஜான் வான் நாய்மனை நமக்குக் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பாடத்தில் தெரியும். அவரும் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னும் 1944-இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டுப் புத்தகத்தில் போக்கருக்கென்றே ஒரு பகுதி உண்டு. அவர் ஆராய்ந்த எளிய மாதிரியில் வந்த விடை: மிகச் சிறந்த கைகளில் கட்டு, மிக மோசமான சில கைகளிலும் கட்டு, நடுத்தரமான கையில் செக் சொல்.

கேட்டால் விசித்திரமாக இருக்கும். யோசித்தால் புரியும். நடுத்தரக் கையோடு பெரிசாகக் கட்டினால் உங்களைவிட மோசமான கை விலகிவிடும், உங்களைவிட நல்ல கை மட்டும் கால் பண்ணும். இரண்டு பக்கமும் லாபம் இல்லை. ஆனால் அதே கை, சும்மா காட்டினாலே சில நேரம் ஜெயிக்கும். மோசமான கைக்கு அந்த வழியே இல்லை, அதனால் பொய் சொல்வதில் அது இழக்க எதுவும் இல்லை. புதுசா 'அக்ரெசிவ்' ஆகிறவங்க செய்யும் பெரிய தப்பே இந்த நடுக் கையில் பாய்வதுதான்.

இன்னொன்று, மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்ன வரி. ஒருபோதும் விலகாதவரிடம் பிளஃப் பண்ணாதீங்க. எல்லாத்துக்கும் கால் சொல்ற நண்பர் ஒருத்தர் எல்லா ரூமிலும் இருப்பார். அவரிடம் இரண்டாவது வழி அடைபட்டுவிட்டது. நல்ல கை வரும்போது அவரிடம் பெரிசாகக் கட்டுங்க, மற்ற நேரம் விட்டுவிடுங்க. ஆளைப் பார்த்து அடிக்கிறதும் அடிச்சு ஆடுறதில் ஒரு பகுதிதான். அதே மாதிரி, எப்பவுமே செக், கால் என்று போகும் அமைதியான ஆள் திடீரென ரெய்ஸ் பண்ணினால், வீம்பு பிடிக்காமல் ஒதுங்கிடுங்க.

கோபமே இல்லாத ஆட்டக்காரன்

அடிச்சு ஆட ரத்தம் சூடாக இருக்கணும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் 20 நாள் ஒரு போட்டி நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டுவோமஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் உருவாக்கிய லிப்ரேட்டஸ் என்ற நிரல் ஒரு பக்கம். ஒருவருக்கு ஒருவர் ஆடுவதில் கைதேர்ந்த 4 தொழில்முறை ஆட்டக்காரர்கள் மறுபக்கம். மொத்தம் 1,20,000 கைகள். நிரல் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது.

அது யார் முகத்தையும் பார்க்கவில்லை. தனக்குத் தானே கோடிக்கணக்கான தடவை ஆடி, "இந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்" என்ற கணக்கைத் திரும்பத் திரும்பத் திருத்தி வளர்ந்த உத்தி அது. மனிதர்கள் கைவைக்கத் தயங்கும் அளவுக்கு, பாட்டைவிடப் பல மடங்கு பெரிய பந்தயங்களை அது சர்வசாதாரணமாகக் கட்டியது. 2019-இல் அதே குழுவினர் உருவாக்கிய புளூரிபஸ், 6 பேர் ஆடும் மேஜையிலும் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது.

அந்த நிரலுக்குத் தைரியமும் கிடையாது, பயமும் கிடையாது. கணக்கு கட்டச் சொன்ன இடத்தில் கட்டியது, விலகச் சொன்ன இடத்தில் விலகியது. நமக்குக் கஷ்டமானது அந்த இரண்டாவது பாதி.

விட்டதைப் பிடிக்கிறேன்

நம் ஊரில் சீட்டாட்டத்தைப் பற்றிய மிக ஆபத்தான வாக்கியம் இதுதான். இரண்டு பெரிய பாட் கைநழுவிப் போனதும் உடம்பு சூடாகும். அப்போது வரும் ரெய்ஸ், வெளியிலிருந்து பார்த்தால் அடிச்சு ஆடுற மாதிரியே இருக்கும். உள்ளே கணக்கு இருக்காது. எதிராளி எத்தனை தடவை விலகுவார் என்ற கேள்வி போய், "இப்போ எவ்வளவு போட்டால் பழைய இடத்துக்கு வருவேன்" என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடும். ஆங்கில ஆட்டக்காரர்கள் இந்த நிலைக்கு டில்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. பெட் கட்டுறதுக்கு முன் மனசுக்குள் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்க: "இதைவிட நல்ல எந்தக் கை விலகும்? இதைவிட மோசமான எந்தக் கை கால் பண்ணும்?" இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பந்தயம் தேவையில்லை. சொல்லிப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லையென்றால் எழுந்து போய்த் தண்ணி குடிங்க.

சரியாக ஆடியும் தோற்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிடணும். ஏஸ் ஜோடி, ஏதோ ஒரு கைக்கு எதிராக 85% தடவைதான் ஜெயிக்கும். 15% தோற்கும். அதனால் ஒரு கையின் முடிவை வைத்து முடிவெடுத்த விதத்தை எடை போடாதீங்க. தோற்ற நல்ல பந்தயமும் உண்டு, ஜெயித்த கெட்ட பந்தயமும் உண்டு. பின்னது இன்னும் மோசம், ஏனென்றால் அது தப்பான பாடத்தைச் சொல்லித்தரும். திருக்குறளில் சூது என்று 94-ஆவது அதிகாரம் இருக்கிறதே, அதன் முதல் குறள் எச்சரிப்பது தோற்றவனை அல்ல, ஜெயித்தவனைத்தான்.

பணம் வேண்டாம், பழக்கம் போதும்

இதை வெளிப்படையாகவே பேசிவிடுவோம். 2022-இல் தமிழ்நாடு அரசு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்தவை என்று சொல்லி, அந்த இரண்டின் மீதான தடையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த விவாதத்தையே ஒதுக்கிவைத்துவிட்டது. திறனோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாமே தடைக்குள் வருகின்றன. ஆகவே ஏதாவது ஆப் போனஸ் தருகிறேன் என்று கூப்பிட்டால், நீங்க படிக்கிறது போக்கர் இல்லை, உங்க செமஸ்டர் ஃபீஸ்தான் அங்கே பாட்.

மேலே சொன்ன கணக்கு எதற்குமே பணம் தேவையில்லை. தேவையானது இழக்க மனசு வராத ஏதோ ஒன்று. வெறும் புளியங்கொட்டை வைத்து ஆடினால் யாரும் விலகமாட்டாங்க, அதனால் பிளஃப் பழகவே முடியாது. அதற்கு ஒரு வழி: ஆளுக்கு 200 புளியங்கொட்டை, ஒரு மாதக் கணக்கு நோட்டு, மாதக் கடைசியில் கடைசி இடம் பிடித்தவர் ஒரு வாரம் எல்லோருக்கும் தண்ணி கேன் தூக்கணும். நாலாவது மாடி ரூமாக இருந்தால் எல்லோரும் பிரமாதமாக யோசித்து ஆடுவாங்க!

பயிற்சியை இப்படிப் பிரிச்சுக்கோங்க.

முதல் வாரம்: மேலே உள்ள 18% பட்டியல் மட்டும். நுழைந்தால் ரெய்ஸ், இல்லையென்றால் ஃபோல்ட். முதல் சுற்றில் முதல் ஆளாக வெறும் கால் போட்டு நுழைவது கிடையாது.

இரண்டாவது வாரம்: எதிரில் ஒருத்தர் மட்டும் இருக்கும்போது ஃப்ளாப்பில் பாதி பாட் கட்டுங்க. எத்தனை தடவை விலகினார்கள் என்று நோட்டில் குறிச்சு வைங்க. மூன்றில் ஒன்றைத் தாண்டுகிறதா பாருங்க.

மூன்றாவது வாரம்: பாதிப் பொய். ஃப்ளஷுக்கோ வரிசைக்கோ ஒரு சீட்டு குறையும்போது, கால் பண்ணுவதற்குப் பதிலாக நீங்களே கட்ட முடியுமா என்று யோசிங்க.

நான்காவது வாரம்: ஒவ்வொரு நாளும் ஒரு கையை எடுத்து, ஆடி முடித்தபின் நாலு பேரும் சீட்டைத் திறந்து வைத்துப் பேசுங்க. யார் எந்த இடத்தில் என்ன நினைச்சாங்க? போக்கர் மேஜையில் இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஹாஸ்டலில் சீட்டுக்கட்டுக்கே அனுமதி இல்லையா? பைத்தான் இருக்கே. 52 சீட்டை ஒரு பட்டியலாக்கி, கலைத்து, லட்சம் தடவை பகிர்ந்து பாருங்க. ஃப்ளாப்பிலேயே 4 ஸ்பேட் சேர்ந்தவருக்கு ரிவருக்குள் ஃப்ளஷ் வரும் வாய்ப்பு 35%-ஐ ஒட்டி வருதான்னு பாருங்க. வரவில்லை என்றால் தப்பு உங்க நிரலில்தான்.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம்

பாட்டில் 200. ரிவர் வந்துவிட்டது. உங்க ஃப்ளஷ் சேரவில்லை, கையில் ஒன்றுமில்லை. முறை உங்களுடையது, எதிரில் ஒரே ஒருத்தர். 150 கட்டலாம் என்று யோசிக்கிறீங்க.

அ. நஷ்டமில்லாமல் இருக்க அவர் எத்தனை சதவீதம் விலகணும்?

ஆ. அவர் ஃப்ளாப்பிலும் டர்னிலும் உங்களை கால் பண்ணினவர். இன்று ராத்திரி முழுக்க ரிவரில் ஒரு தடவைகூட விலகாதவர். இப்போ என்ன செய்வீங்க?

முதல் கேள்விக்கு விடை 43-க்குக் கொஞ்சம் கீழே வந்தால் சூத்திரம் புரிந்துவிட்டது. இரண்டாவதுக்கு "செக்" என்று உடனே சொன்னால் மற்றதும் புரிந்துவிட்டது.